காளியாயி கைக்கு வந்த செவலை

காளியாயிக்கு டிராக்டர் வந்த அன்றே புருஷன் போய்விட்டான் என்று செம்மநத்தத்தில் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. டிராக்டர் வந்தது வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழந்தைவேல் போனது மறுநாள் காலை முதல் பஸ்ஸில். இடையில் அவனோடு பேச அவளுக்கு நேரம் இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டாள். அப்படிச் சும்மா இருந்தது பல வருஷம் அவளை அறுத்தது.

டிராக்டர் அவளுடைய மாமனார் அம்மாசியினுடையது. கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட் கைமாறியபோது பழைய முதலாளி விற்றுவிட்டுப் போன சாமான்களில் அதுவும் ஒன்று. அறுபத்தொன்பதாம் வருஷம் அம்மாசி அதை வாங்கி, பாதி வழி ஓட்டியும் பாதி வழி மூன்று பேரை வைத்துத் தள்ளியும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மங்கிப்போன சிவப்புப் பெயிண்ட். வீட்டில் அதற்கு முன்பு இருந்து செத்துப்போன காளையின் நிறம். அதனால் செவலை என்றே கூப்பிட்டார். ஊரும் அப்படியே கூப்பிட்டது.

மலைச்சரிவில் அதை வைத்து உழுதது கொஞ்சம்தான். பின்னால் டிரெய்லரை மாட்டி, ஊர்க்காரர்களின் காப்பி மூட்டை, பலாப்பழம், ஆரஞ்சுக் கூடை, எரு என்று டவுனுக்கும் ஊருக்கும் ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. வலி கண்ட பெண்களும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காளியாயி செல்வியைப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்ததும் அதில்தான். அம்மாசி வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். பனி இறங்கும் மாதங்களில் அதைப் படுதா போட்டு மூடி, எஞ்சின் இருக்கிற பக்கம் தன்னுடைய கம்பளியையும் போர்த்திவிடுவார். பார்த்தவர்கள் சிரித்தால், "காலையில நீ வந்து தள்ளுவியா?" என்பார்.

எழுபத்தெட்டு மார்கழி வரை அந்த வீட்டில் பெரிய குறை எதுவும் இருக்கவில்லை. அம்மாசியின் பெண்சாதி முன்பே செத்துப்போயிருந்தாள்; வீட்டில் இருந்தது மகன் குழந்தைவேல், மருமகள், பேத்தி. அப்பனும் மகனும் மாறி மாறிச் செவலையை ஓட்டினார்கள்.

அந்த மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து ஊரான தலைச்சோலைப் பெண்கள் ஆறு பேர் எஸ்டேட்டிலிருந்து திரும்பும்போது டிரெய்லரில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார்கள். ஓட்டியவன் குழந்தைவேல். ஏற்றத்தில் அவன் கியர் மாற்றியபோது வண்டி ஒரு வெட்டு வெட்டியது. டிரெய்லர் கழன்று பின்னால் உருண்டது. ஐந்து பேர் மேட்டுப் பக்கம் குதித்துவிட்டார்கள். வீராயி மட்டும் பள்ளத்துப் பக்கம் குதித்தாள். டிரெய்லர் அவள் மேலேயே கவிழ்ந்தது.

வீராயிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் புருஷன் வேடியப்பன், குழந்தைவேல் எதிரில் வரும் இடமெல்லாம் மண்ணை வாரித் தூற்றினான். கேஸ் ஆகி, குழந்தைவேல் இருபது நாள் சேலம் ஜெயிலில் இருந்தான். பிறகு விபத்து என்று கோர்ட்டில் முடித்தார்கள். கோர்ட்டில் முடிந்தது, ஊரில் முடியவில்லை. அவசரக்காரன், கியரை வெடுக்கென்று மாற்றிவிட்டான் என்ற பேச்சு அவனோடு ஒட்டிக்கொண்டது. அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. செவலையின் பக்கமே போகாமல், மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் போய்விடுவான்.

ஒன்றரை வருஷம் அம்மாசியே ஓட்டினார். முழங்கால் வீங்கிக் கிளட்சை மிதிக்க முடியாமல் போனபோது காளியாயியைக் கூப்பிட்டார். முதலில் கொட்டகையிலிருந்து வாசல் வரை. அப்புறம் வாசலிலிருந்து மாரியம்மன் கோயில் வரை. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அடுப்படியிலும் தோட்டத்திலும் யாரோ சொல்லி வேலை செய்கிறவளுக்கு, தன் கைக்கு அடங்கி அவ்வளவு பெரிய சாமான் திரும்புவது பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். அம்மாசி செவலையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். குழந்தைவேல் தேங்காய்த் தட்டை வைத்துக்கொண்டு நின்றான். அப்பன் தன்னைத்தான் கூப்பிடப்போகிறார் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான்.

"எனக்கு இனி காலு ஆகாதுங்க. இத்தன வருஷம் எனக்குச் சோறு போட்டது இந்தச் செவலைதான்" என்றார் அம்மாசி. "இத எம்மருமவளுக்குக் குடுக்கறேன். ஆர்.சி. புக்கும் அவ பேருக்கே மாத்தறதுக்குச் சொல்லிட்டேன். வா கண்ணு, சாவிய வாங்கிக்க."

காளியாயி புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டில் இருந்த கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். சாவி முந்தானையில் விழுந்தபோது, அந்த ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தைவேல், "நல்லதுதான். நீ பதனமா ஓட்டுவ" என்றான். காலையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் மடித்துப் பையில் வைத்தான். தூங்கிக்கொண்டிருந்த செல்வியின் தலையைத் தடவினான்.

"ஏனுங்க, எங்கீங்க கிளம்பிட்டீங்க?"

"சங்ககிரியில லாரிப் பட்டறையில ஆளு கேட்டிருந்தாங்க. போய்ப் பாக்கறேன்."

"மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"நீ சொல்லிரு."

நாலு வருஷம் அவன் வரவில்லை. தீபாவளிக்குச் செல்விக்குப் பாவாடைத் துணி பார்சலில் வரும். கூட ஒரு கார்டு வரும். நலம், நலமறிய ஆவல், செல்வியை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்பவும். அவ்வளவுதான் இருக்கும்.

காளியாயி சேலத்துக்குப் போய் லைசென்ஸ் எடுத்தாள். முதலில் அவள் வண்டியில் மூட்டை ஏற்றத் தயங்கியவர்கள், பறிப்புக் காலத்தில் வேறு வழியில்லாமல் ஏற்றினார்கள். இரண்டு பறிப்புக்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. வளைவுகளில் அவள் வேகம் காட்டுவதில்லை. டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவதும் இல்லை, யார் கெஞ்சினாலும் சரி. எதிரில் வேடியப்பன் வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அவன் கடந்த பிறகுதான் எடுப்பாள். அவனும் அவளைப் பார்த்து எதுவும் சொன்னதில்லை.

மாமனார்மேல் அவளுக்கு உள்ளே ஒரு கோபம் இருந்துகொண்டே இருந்தது. சோறு போடுவாள், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். முகம் பார்த்துப் பேசமாட்டாள். ஊரார் முன்னால் பெற்ற மகனை இப்படி ஒதுக்கிவிட்டாரே என்பது அவள் நினைப்பு. அந்த ஒதுக்கலில் தனக்கு வந்து சேர்ந்தது தனக்குப் பிடித்த பொருள் என்பதால், வாய் திறந்து கேட்கவும் அவளால் முடியவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி. அம்மாசிக்கு மார்ச்சளி கட்டி உடம்பு ஒடுங்கிப்போயிருந்தது. அன்றைக்கு மழை விட்டிருந்ததால் கொட்டகை ஓரம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். காளியாயி எரு ஏற்றப் போவதற்காக டிரெய்லரைச் செவலையோடு கோத்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்க்கிற இரும்புப் பின்னை எடுத்துப் பார்த்தாள். நடுவில் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"மாமா, இந்தப் பின்னு தேஞ்சு போச்சுங்க. டவுனுக்குப் போறப்ப புதுசு வாங்கிக்கறேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு இங்க கெடக்கற போல்ட்டப் போட்டு ஓட்டிக்கட்டுங்களா?"

"போடாத!"

அவ்வளவு சத்தம் அந்த உடம்பிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் கையிலிருந்து போல்ட்டு கீழே விழுந்தது. அம்மாசி கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், இருமி இருமி மூச்சு வாங்கினார். அவள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

"என்னுங்க மாமா, என்ன ஆச்சுங்க?"

"போடாத கண்ணு. நான் போட்டேன்."

"என்னத்தப் போட்டீங்க?"

"வீராயி செத்தாளே, அன்னைக்கு. பின்னு தேஞ்சிருந்துச்சு. பறிப்பு நாளு, மூட்டை காத்துக்கிட்டிருக்கு. ஒரு நாளைக்குத்தானேன்னு போல்ட்டப் போட்டு நாந்தான் மாட்டி உட்டேன். அவன்கிட்டச் சொல்லல. அவன் கியரு மாத்துனதுல ஒண்ணும் ஆவல. போல்ட்டு முறிஞ்சிருக்கும்."

காளியாயி தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"போலீசு வந்தப்ப பின்னு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு. சொன்னதுக்கப்புறம் எப்படி மாத்தறது? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாமுன்னு இருந்தேன். அவன் ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டான். அப்புறம் சொன்னா மட்டும் என்னன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க எனக்குக் குடுத்தீங்க?" என்றாள். "அவருக்கில்ல குடுத்திருக்கோணும்?"

"அவன் அந்த சீட்டுல உக்காந்தா என்னால பாக்க முடியாது சாமி. அது ஒண்ணு. இன்னொண்ணு, மறுபடியும் அவன் ஓட்டுனா வேடியப்பன் வழியெல்லாம் மண்ணு தூத்துவான். ஊரு வேடிக்கை பாக்கும். அவனுக்கு அந்தத் தொந்தரவு வேண்டாமுன்னு நெனச்சேன். நல்லதுன்னுதான் நெனச்சேன்."

காளியாயி அன்றைக்கு எரு ஏற்றவில்லை. மறுநாள் செல்வியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சேலம் போய், அங்கிருந்து சங்ககிரிக்கு பஸ் ஏறினாள்.

லாரிப் பட்டறை ரோட்டோரத்தில் இருந்தது. வரிசையாக லாரிகள் தோல் உரித்த மாதிரி எலும்பும் கூடுமாக நின்றன. குழந்தைவேல் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும், "செல்விக்கு என்ன?" என்றுதான் முதலில் கேட்டான்.

"அவ நல்லாருக்காளுங்க. உங்ககூடப் பேசத்தான் வந்தேன்."

எதிரில் இருந்த புளியமரத்தடிக்குப் போனார்கள். அவன் டீ வாங்கிவந்து கொடுத்தான். அவள் டீயைக் குடிக்காமல், அம்மாசி சொன்னதை எதையும் விடாமல் சொன்னாள். அவன் கையில் இருந்த கிரீஸைக் கழிவுத் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"டிரெய்லரு கழண்டதும் இறங்கி ஓடுனனா? சேத்துல முறிஞ்ச போல்ட்டுத் துண்டு கெடந்துச்சு. பின்னு போடற எடத்துல போல்ட்டு. அப்பன்தான் மாட்டிக் குடுத்தாரு. நான் அத எடுத்துப் பள்ளத்துல வீசிட்டேன். போலீசு பாத்திருந்தா அவரப் புடிச்சிருப்பாங்க. அந்த வயசுல அவரு ஜெயில்ல இருக்கோணுமா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன். ஊருக்கு வேண்டாம். வேடியப்பனுக்குக்கூட வேண்டாம். எங்கிட்ட. தனியா இருக்கறப்ப ஒரு தடவ, 'வேலு, தப்பு என்னுதுடா'ன்னு. ஒன்றரை வருஷம் பாத்தேன். கோயிலுக்கு முன்னால அத்தன பேரு நிக்கறப்ப அவரு வாயத் தொறந்ததும், இன்னைக்குச் சொல்லிருவாருன்னு நெனச்சேன். உன்னையக் கூப்பிட்டாரு."

லாரி ஒன்று பெரிய சத்தத்தோடு கிளம்பிப் போனது.

"உம்மேல ஒண்ணும் இல்ல" என்றான் பிறகு. "ஆனா நீ வேண்டாமுன்னு ஒரு வார்த்த சொல்லுவியோன்னு பாத்தேன். அதுவும் நெசம்."

காளியாயிக்கு அழுகை வந்தது. அழவில்லை. "எனக்கு ஆசையா இருந்துச்சுங்க" என்றாள். அதைவிட உண்மையாக அவளால் ஒன்றும் சொல்ல முடிந்திருக்காது. அவன் தலையை ஆட்டினான்.

ஊருக்கு வரச் சொன்னாள். அவன் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகச் செல்விக்கு ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான்.

திரும்பி வந்ததும் அவள் மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றே வார்த்தையில் சொன்னாள். "அவருக்குத் தெரியுமுங்க மாமா."

"என்னது தெரியும்?"

"எல்லாந்தான். போல்ட்டு அவரு கையில கெடச்சிருக்குது. உங்களுக்காகப் பள்ளத்துல போட்டுட்டாராம்."

அம்மாசி வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மகன் ஒன்றும் தெரியாமல் பழியைச் சுமந்தான் என்று நினைத்துத்தான் அவர் இத்தனை வருஷம் தூங்காமல் கிடந்தார். தெரிந்தே சுமந்தான் என்பது அவரை அடித்துப் போட்டுவிட்டது. அன்றைக்கு வைத்த கஞ்சி அப்படியே ஆறிக்கிடந்தது. காலையில், "செவலைய எடு கண்ணு. என்னையத் தலைச்சோலைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"இந்த ஒடம்போட எங்கீங்க போறது?"

"இந்த ஒடம்பு இருக்கறப்பவே போயிரோணும்."

டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அவரை மட்கார்டு மேல் உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டு ஓட்டினாள். சாரல் அடித்தது. வேடியப்பன் வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டு, மழைக்காக அள்ளிக்கொண்டிருந்தான். செவலை வந்து நின்றதைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

காளியாயி இறக்கிவிட்டாள். அம்மாசி நடக்க முடியாமல் வாசல் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேடியப்பா, உம் பொண்டாட்டி செத்தது எம்மவனால இல்லடா. பின்னுக்குப் பதிலா நான் போல்ட்டப் போட்டேன். அவன் வாயே தொறக்காம இருந்துட்டான். மண்ணு தூத்தறதுன்னா என்மேல தூத்து."

வேடியப்பன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சாரல் வலுத்தது. அள்ளாத மிளகு நனைந்துகொண்டிருந்தது.

"ஆறு வருஷமுங்கண்ணா" என்றான் கடைசியில். "ஆறு வருஷம் அந்தப் பையன் நாசமாப் போவோணுமுன்னு சேர்வராயனுக்கு வேண்டிட்டு இருந்தேன். நீங்க அதே கோயிலுக்கு எங்கூட நடந்து வந்தீங்க. நான் வேண்டுனத காதுல கேட்டுட்டு வந்தீங்க."

அம்மாசி தலையைக் குனிந்துகொண்டார்.

"மருமவளே, உங்க மாமனாரக் கூட்டிட்டுப் போயிரும்மா" என்றான் வேடியப்பன். "என்னால இந்த மூஞ்சியப் பாக்க முடியல."

அவரைத் தூக்கி உட்கார வைக்க காளியாயி தனியாகத் திணறினாள். வேடியப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாசியின் கால் இரண்டையும் பிடித்துத் தூக்கி ஏற்றிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாரலில் நனைந்ததில் அம்மாசிக்குக் காய்ச்சல் கண்டது. டவுனிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, சேலத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார் டாக்டர். அம்மாசி வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் வேடியப்பன் வந்தான். அவனுக்குப் பின்னால் பையோடு குழந்தைவேல் வந்தான். வேடியப்பன் யாரிடமும் சொல்லாமல் சங்ககிரிக்குப் போயிருக்கிறான். பட்டறை வாசலில் எல்லோர் முன்னாலும் குழந்தைவேல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். இதைப் பிறகு குழந்தைவேல்தான் சொன்னான். வேடியப்பன் வாசலோடு திரும்பிவிட்டான். காளியாயி தண்ணீர் கொடுத்ததை மட்டும் வாங்கிக் குடித்தான்.

செல்வி அப்பனை அடையாளம் தெரியாமல் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். குழந்தைவேல் நேரே கட்டிலுக்குப் போய்க் கீழே உட்கார்ந்தான்.

"வேலு" என்றார் அம்மாசி.

"படுங்கப்பா. எந்திரிக்காதீங்க."

"நான் சொல்லோணும்."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கப்பா?"

"இல்ல. நான் சொல்லோணும்." சொன்னார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்கி வாங்கி, பின்னு தேய்ந்ததிலிருந்து போலீசிடம் சொன்னது வரைக்கும், தனக்குச் சாதகமாக எதையும் மழுப்பாமல் சொன்னார். குழந்தைவேல் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான். முடிந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னான்.

"போலீஸ்காரங்க கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்கப்பா."

"ஆமா சாமி" என்றார் அம்மாசி. "சொல்லியிருக்கலாம்."

அதன் பிறகு பதினோரு நாள் இருந்தார். அந்தப் பதினோரு நாளும் மகன்தான் கஞ்சி ஊட்டினான், துடைத்துவிட்டான், தூக்கி உட்கார வைத்தான். இரண்டு பேரும் மழையைப் பற்றியும், இந்த வருஷம் காப்பி எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது அம்மாசி இல்லை. பெண்சாதிக்குப் பக்கத்தில் குழி வெட்டி வைத்தார்கள். குழிக்கு முதல் மண்ணை மகன் போட்டான். வேடியப்பன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். கடைசியாக வந்து அவனும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனான்.

காரியம் முடிந்தும் குழந்தைவேல் கிளம்பவில்லை. காளியாயிக்கு நம்பிக்கை வந்தது. காப்பி பழுக்கத் தொடங்கியிருந்தது. இருவரும் கூடை கட்டிக்கொண்டு பறித்தார்கள். செல்வி அப்பனிடம் ஒட்டிக்கொண்டாள். ஆனால் செவலையை அவள் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் அவன் எழுந்து தோட்டத்தின் கீழ்க்கோடிக்குப் போய்விடுவதை அவள் கவனித்தாள்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "கொட்டகையிலிருந்து வாசலுக்கு எடுத்து உடுங்களேன். பத்தடிதானே?"

அவன் தயங்கினான், ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகினான், எஞ்சின் உறுமியது. ஸ்டியரிங்கில் கை வைத்தவன் கியரைத் தொடவில்லை. அப்படியே இருந்தான். முகம் வியர்த்துவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"முடியல காளி" என்றான். "அவரு சொல்லிட்டா எல்லாஞ் சரியாப் போயிருமுன்னு நெனச்சேன். அந்தப் பொம்பள கத்துன சத்தம் போவல. அது யாரு போட்ட போல்ட்டா இருந்தா என்ன, ஓட்டுனது நான்."

அன்று சாயங்காலம் அவன் சொன்னான், சங்ககிரிக்கே வந்துவிடு என்று. பட்டறைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கலாம், அங்கே பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது, தோட்டத்தைக் குத்தகைக்கு விடலாம், செவலையை விற்றுவிடலாம். சொல்லிவிட்டு, அவளை அவசரப்படுத்தாமல் இருந்தான். இரண்டு நாள் அவள் அதையே நினைத்துக்கொண்டு மூட்டை கட்டினாள், மூட்டை ஏற்றினாள், டவுனுக்கு ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும், இது கடைசி என்று நினைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள், "நீங்க என்ன சொன்னாலும் சரிங்க, எனக்கு மனசு வல்லீங்க" என்றாள். "இந்த மலைய விட்டு, இத வித்துட்டு, அங்க வந்து ஊட்டுக்குள்ள உக்காந்துக்க என்னால ஆவாதுங்க. நீங்க இங்க இருங்கன்னு கேக்கறதுக்கும் எனக்கு வாயி இல்ல."

"நீ நெசத்தச் சொன்ன" என்றான் குழந்தைவேல். "எங்க ஊட்டுல யாரும் காலாகாலத்துல சொல்லல."

அவள் பஸ் ஸ்டாண்டுக்குக் காப்பி மூட்டையோடு அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவன் கண்ணை மூடி, மட்கார்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தான். பஸ் புறப்படும்போது, "பொங்கலுக்கு வர்றேன். செல்விகிட்டச் சொல்லு" என்றான். அவள் தலையாட்டினாள்.

மூட்டைகளைக் கடையில் இறக்கியதும் மளிகைக்காரர் ஒருவர் செம்மநத்தத்துக்கு உர மூட்டை ஏற்றிப்போகச் சொன்னார். "இன்னைக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வெறும் டிரெய்லரோடு கிளம்பினாள். சுமை இல்லாத டிரெய்லர் குழிக்குக் குழி தூக்கிப்போட்டு கடகடவென்று ஆடியது. ரோட்டில் யாரும் இல்லை. எஞ்சின் சத்தத்தில் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர் எல்லை வரை அழுதாள். அங்கே நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தாள்.

குழந்தைவேல் பொங்கலுக்கு வந்தான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான்.